மினர்வாஸ் டென்: பயோஷாக் 2-இன் கூடுதல் கதையை நிதானமாக ஆடி முடிக்கும் வழி

பயோஷாக் 2 என்னும் திகில் துப்பாக்கி விளையாட்டு 2010 பிப்ரவரியில் வெளியானது. அதற்கான தரவிறக்கக் கூடுதல் கதையான மினர்வாஸ் டென், அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்தது. கணினியில் ஆடுபவர்கள் 2011 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்று பகுதிகளும் ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து மணி நேர ஆட்டமும் கொண்ட சிறிய படைப்பு இது. அளவு சிறிது என்பதாலேயே, மூல விளையாட்டை ஆடிய பழக்கத்தில் தோட்டாக்களைப் பதுக்கி வைத்துக்கொண்டும், வழியில் கிடக்கும் ஒலிப்பதிவுகளைக் கேட்காமல் கடந்தும், இதைப் பலர் ஒரே மூச்சில் ஓடி முடித்துவிடுகிறார்கள். அப்படி ஆடுபவர்களுக்கு இதன் பாதிச் சுவை கிடைப்பதில்லை. கையில் உள்ள பொருளைத் தயங்காமல் செலவழித்து, சண்டைக்கு முன்னும் பின்னும் நேரத்தைத் தாராளமாக எடுத்துக்கொண்டு ஆட வேண்டிய கதை இது என்பதே என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் வழிமுறைகள் எல்லாம் அந்தக் கருத்தை ஒட்டியவை.

இதை இன்று ஆட விரும்புபவர்களுக்கு எளிய வழி, 2016 செப்டம்பரில் வெளியான பயோஷாக் 2 ரீமாஸ்டர்டு பதிப்பு. மினர்வாஸ் டென் அதற்குள்ளேயே அடங்கியிருப்பதால் தனியாக வாங்கத் தேவையில்லை. முதன்மைப் பட்டியலிலிருந்து நேரடியாகத் தொடங்கலாம். கணினி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றிலும், 2020 மே முதல் நின்டெண்டோ ஸ்விட்சிலும் இது கிடைக்கிறது. கணினிப் பதிப்பு ஆட்டத்தின் நடுவே திடீரென நின்றுபோவதாகப் பலரும் சொல்லியிருப்பதால், தானாகச் சேமிக்கப்படுவதை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு பெரிய அறையைக் கடந்ததும் நீங்களே இரண்டு மூன்று இடங்களில் மாற்றி மாற்றிச் சேமித்துக்கொள்வது நல்லது. வன்முறையும் சிறுமிகள் தொடர்பான கனத்த காட்சிகளும் உள்ள கதை என்பதால், இது வளர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியது.

மூல விளையாட்டை முடித்த பிறகுதான் இதைத் தொட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டாயம் இல்லை. இங்கே நாயகன் வேறு, கதை வேறு. மூல விளையாட்டில் சேர்த்த எதுவும் இங்கே உடன் வராது. ஆயினும் பயோஷாக் 2-இன் முதல் சில மணி நேரத்தையாவது ஆடிவிட்டு வந்தால், இயந்திரங்களை வசப்படுத்துவது, சிறுமியைத் தோளில் ஏற்றிச் செல்வது போன்ற அடிப்படைகள் கைக்குப் பழகியிருக்கும். மூல விளையாட்டு பொறுமையாகக் கற்றுத்தரும் இவற்றை மினர்வாஸ் டென் விரைவாகச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறது.

களத்தைப் பற்றித் தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். ஆண்டு 1968. இடம், அட்லாண்டிக் கடலடியில் கட்டப்பட்டுச் சிதைந்துபோன ராப்சர் நகரம். அந்நகரத்தின் இயந்திரங்களையெல்லாம் இயக்கிவந்த தி திங்கர் என்னும் மாபெரும் கணினி இருக்கும் வளாகமே மினர்வாஸ் டென். நீங்கள் சப்ஜெக்ட் சிக்மா என்னும் பிக் டாடி. அதாவது, பழைய ஆழ்கடல் முக்குளிப்பாளர் உடைபோன்ற கனத்த கவசத்துக்குள் அடைக்கப்பட்ட மனிதன். திங்கரை உருவாக்கியவர்களில் ஒருவரான சார்லஸ் மில்டன் போர்ட்டர் வானொலி வழியாக உங்களுக்கு வழி சொல்கிறார்; அவருடைய பழைய கூட்டாளி ரீட் வால் உங்களைத் தடுக்கிறார். இதற்கு மேல் கதையை எங்கும் முன்கூட்டிப் படிக்காதீர்கள். இக்கதையின் முடிவு, தெரியாமல் போய்ச் சேர்பவருக்கே தன் முழு வலிமையையும் காட்டும்.

தொடங்கும் முன் செய்ய வேண்டிய அமைப்புகள்

அமைப்புப் பட்டியலில் வசன எழுத்துகளைத் தவறாமல் இயக்கிக்கொள்ளுங்கள். கதையில் பெரும்பகுதி வானொலிப் பேச்சாகவும் ஒலிப்பதிவாகவுமே வருகிறது. சண்டைச் சத்தத்துக்கு நடுவே ஒலிக்கும் ஆங்கிலத்தைக் காதால் மட்டும் பிடிப்பது கடினம். காதொலிப்பான் அணிந்து ஆடுவது இரண்டு வகையில் உதவும். பிக் டாடியின் கனத்த காலடி எந்தப் பக்கம் கேட்கிறது என்பதும், சுவருக்கு அப்பால் ஸ்ப்ளைசர்கள் (வெறிபிடித்துத் திரியும் நகரவாசிகள்) தமக்குள் முணுமுணுத்துக்கொள்வதும் உங்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கையாக அமையும்.

இறந்தால் மீண்டும் உயிர்ப்பிக்கும் வீட்டா சேம்பர்களை அணைத்துவைக்கும் வசதியும் அங்கேயே உண்டு. முதல் ஆட்டத்தில் அவற்றை இயக்கத்திலேயே விட்டுவிடுங்கள். நடுத்தரக் கடினத்தில் ஆடத் தொடங்கி, சண்டை மிகச் சுலபமாகத் தோன்றினால் உயர்த்திக்கொள்ளலாம். திகில் விளையாட்டு என்பதால் திரையின் ஒளி அளவைக் குறைத்து வைக்கும் ஆசை பலருக்கு வரும். ஆனால், மூலைகளில் கிடக்கும் பணமும் மருந்தும் ஒலிப்பதிவுகளும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும்.

ஆடம் சேர்ப்பதும் செலவழிப்பதும்

ராப்சரில் உடலின் ஆற்றலை மாற்றும் பொருளுக்கு ஆடம் என்று பெயர். அதைச் சுமந்து திரியும் சிறுமிகளே லிட்டில் சிஸ்டர்கள். ஒவ்வொரு சிறுமிக்கும் ஒரு பிக் டாடி காவலாக இருக்கும். அந்தக் காவலனை வீழ்த்தி, சிறுமியைத் தத்தெடுத்து, அவள் காட்டும் பிணங்களிலிருந்து ஆடம் எடுக்கவிட்டு, இறுதியில் அவளைக் காப்பாற்றுவதா, அவளுடைய உயிரைப் பறித்துக் கூடுதல் ஆடம் பெறுவதா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். மூல விளையாட்டைப் போல இம்முடிவு இங்கே கதையின் இறுதியை மாற்றுவதில்லை. அப்படியிருந்தும் காப்பாற்றுவதையே நான் பரிந்துரைக்கிறேன். ஆடம் பற்றாக்குறையால் திணறும் அளவுக்கு இந்தக் கதை நீளமானது அல்ல. மேலும், சிக்மா யார் என்று முடிவில் தெரியவரும்போது, வழிநெடுக அவன் கையால் நடந்தவை எல்லாம் உங்கள் நினைவுக்கு வரும்.

பிணத்தருகே சிறுமியை இறக்கிவிட்ட கணமே எல்லாப் பக்கமிருந்தும் ஸ்ப்ளைசர்கள் வரத் தொடங்குவார்கள். ஆகவே அவளை இறக்கும் முன் செய்யும் வேலையே அந்தச் சண்டையின் முடிவைத் தீர்மானிக்கிறது. அந்த அறைக்குள் எத்தனை வாசல்கள் திறக்கின்றன, மேல்தளத்திலிருந்து குதிக்க இடம் உண்டா, தரையில் தண்ணீரோ எண்ணெயோ தேங்கியிருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அருகில் உள்ள தானியங்கித் துப்பாக்கிகளையும் கண்காணிப்புக் கேமராக்களையும் முதலில் உங்கள் வசமாக்குங்கள். குண்டெறியும் லாஞ்சர் கையில் இருந்தால், ஆள் நெருங்கினால் வெடிக்கும் கண்ணிகளை வாசல்களில் பதியுங்கள். பின்னால் சுவர் இருக்கும்படி சிறுமிக்கு அருகிலேயே நின்றுகொள்ளுங்கள். ஆட்களைத் துரத்திக்கொண்டு வேறு அறைக்குப் போனால், இன்னொரு வாசல் வழியாக வருபவர்கள் அவளைச் சூழ்ந்து வேலையைத் தடுத்துவிடுவார்கள்.

சேர்ந்த ஆடத்தை உடனே செலவழியுங்கள். நீண்ட விளையாட்டுகளில் பின்னால் வரும் நல்ல ஆற்றலுக்காகச் சேமிப்பது அறிவுடைமை. இங்கே அந்தப் பின்னால் என்பது ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முதலில் வாங்கத்தக்கது உயிரளவை உயர்த்தும் மேம்பாடு. அடுத்தபடியாக, நீங்கள் அதிகம் பயன்படுத்தும் ஒரே ஒரு பிளாஸ்மிட்டின், அதாவது ஆடம் தரும் சிறப்பாற்றலின், உயர்நிலையை வாங்கலாம். எல்லா பிளாஸ்மிட்டுகளிலும் ஒவ்வொரு நிலை வாங்கி வைப்பது வீண். பணத்துக்கும் இதே விதிதான். வைத்துக்கொள்ளும் பணத்துக்கும் மருந்துக்கும் மேல்வரம்பு இருப்பதால், வரம்பைத் தொட்ட பிறகு கண்ணில் படுவதெல்லாம் எடுக்க முடியாமல் அங்கேயே கிடக்கும்.

இயந்திரங்களை வசப்படுத்துதல்

கணினி வளாகம் என்பதால் மினர்வாஸ் டென்னில் காவல் இயந்திரங்கள் ஏராளம். அவற்றைச் சுட்டு அழிப்பதை விட உங்கள் பக்கம் திருப்புவது எப்போதும் இலாபம். இந்த விளையாட்டில் ஹேக் செய்யும்போது, அதாவது இயந்திரத்தை வசப்படுத்தும்போது, நேரம் நிற்பதில்லை. ஊசி முனை ஆடிக்கொண்டிருக்கும் அதே வேளையில் எதிரிகள் உங்களைச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் எலெக்ட்ரோ போல்ட் என்னும் மின்சார பிளாஸ்மிட்டால் இயந்திரத்தை முதலில் மரக்கச் செய்துவிட்டு ஹேக் செய்யத் தொடங்குங்கள். ஊசி பச்சைப் பட்டையில் இருக்கும்போது பொத்தானை அழுத்தினால் வெற்றி. நீலத்தில் நிறுத்தினால் கூடுதல் பயன். வெள்ளையில் நின்றால் மின்னதிர்ச்சி. சிவப்பில் நின்றால் எச்சரிக்கை மணி. நீலத்துக்கு ஆசைப்பட்டுச் சிவப்பில் முடிப்பவர்களே அதிகம். எனவே பட்டை குறுகியிருக்கும்போது பச்சையோடு நின்றுகொள்ளுங்கள்.

ஹேக் கருவியின் அம்புகளைத் தொலைவிலிருந்து எய்யலாம் என்பதால், மறைவிடத்தில் நின்றபடியே இந்த வேலையைச் செய்வது பாதுகாப்பானது. கேமரா ஒன்றை வசப்படுத்திவிட்டால், அதன் பார்வையில் விழும் எதிரியின் மேல் காவல் பறவைபோல் பறக்கும் பாட்கள் பாய்ந்துவரும். பாட் ஒன்றை நேரடியாக வசப்படுத்தினால் அது உங்கள் பின்னாலேயே வரும். விற்பனை இயந்திரங்களையும் விட்டுவைக்காதீர்கள். ஹேக் செய்தவற்றில் விலை குறையும்.

ஆயுதங்கள்

இக்கதைக்கென்றே சேர்க்கப்பட்ட ஆயுதம் அயன் லேசர். பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தொடர்ந்து பாயும் ஒளிக்கற்றை அது. ஓடித் திரியும் ஸ்ப்ளைசர்கள்மேல் அதை வீசிக்கொண்டிருந்தால், மின்கலம் தீருமே ஒழிய ஆள் சாகமாட்டான். ஒரே இடத்தில், இயன்றவரை தலையில், கற்றையை நிறுத்திப் பிடித்தால்தான் அதன் உண்மையான வலிமை வெளிப்படும். மெதுவாக நகரும் பெரிய எதிரிகளுக்கும், ஒரே திசையில் குறுகிய வழியே வருபவர்களுக்கும் அது மிகவும் ஏற்றது. எதிரியைப் பற்றியெரியச் செய்யும் தெர்மல் கலங்களும், ஆற்றலைத் திரட்டி ஒரே வீச்சாக விடும் பர்ஸ்ட் கலங்களும் கிடைக்கும். பர்ஸ்ட் கலங்களைப் பிக் டாடிகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். இந்த வழிகாட்டியில் சேமித்து வைக்கச் சொல்லும் ஒரே பொருள் அதுதான். ஆயுத மேம்பாட்டு நிலையங்கள் சிலவே உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு மேல் பயன்படாது. கண்ணில் படும் ஒவ்வொரு நிலையத்திலும் வேறு வேறு ஆயுதத்தை உயர்த்தாமல், லேசரையும் நெருக்கச் சண்டைக்கான ஷாட்கன்னையும் மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

கிராவிட்டி வெல் என்னும் புதிய பிளாஸ்மிட்டே இக்கதையின் தனிச்சிறப்பு. நீங்கள் எறியும் உருண்டை விழுந்த இடத்தில் ஒரு சுழல் உண்டாகி, சுற்றியுள்ள ஆட்களையும் பொருள்களையும் உள்ளிழுத்துச் சுழற்றிவிட்டுப் பின் வெளியே வீசியெறிகிறது. கதைப்போக்கிலேயே இது உங்களுக்குக் கிடைக்கும். தேடி அலைய வேண்டாம். கிடைத்த உடனேயே இதைத் தற்காப்புக்கு என்று நினைத்துக் காலடியில் எறிவது பலருடைய வழக்கம். அதை விடப் பயனுள்ள முறை ஒன்று உண்டு. சற்றுப் பின்வாங்கி எதிரிகளை ஒரே பக்கம் திரளவிடுங்கள். நடுவில் உருண்டையை எறியுங்கள். அவர்கள் ஒன்றாகச் சுழன்றுகொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில் ஒரு குண்டையோ தீயையோ அதே இடத்தில் செலுத்துங்கள். தனித்தனியே ஐந்து பேருக்குச் செலவாகும் தோட்டாக்கள் ஒரே வீச்சில் மிச்சமாகும். அறையில் வெடிக்கும் பீப்பாய் இருந்தால், அதுவும் சுழலுக்குள் இழுக்கப்பட்டு உங்களுக்கு உதவும். சிறுமி ஆடம் எடுத்துக்கொண்டிருக்கும்போது இந்த ஒரு பிளாஸ்மிட் மற்ற எல்லாவற்றையும் விடக் கைகொடுக்கும். அதனால் ஆடத்தைச் செலவழிக்க ஒரு பிளாஸ்மிட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் இதையே சொல்வேன்.

கடினமான எதிரிகள்

தீயால் நிறைந்த புரூட் ஸ்ப்ளைசரும், பனியை ஏவும் ஹூடினி ஸ்ப்ளைசரும் இங்கே புதியவர்கள். எதிரியின் இயல்புக்கு மாறான ஆற்றலைக் கையில் எடுப்பதே இருவரையும் எதிர்கொள்ளும் முறை; தீயுடையவனைத் தீயால் தாக்குவது, பிளாஸ்மிட்டுகளை இயக்கும் ஈவ் மருந்தை வீணாக்குவதாகும். ஹூடினி மறைந்து வேறிடத்தில் தோன்றுபவன். அவன் மறைந்த இடத்தை நோக்கிச் சுட்டுக்கொண்டிராமல், துப்பாக்கியைத் தாழ்த்தி, ஒலியைக் கவனித்துத் திரும்புங்கள்.

லான்சர் என்னும் புதுவகைப் பிக் டாடிதான் உண்மையான சோதனை. அதன் கையிலும் அயன் லேசர் உண்டு. கண்ணைக் குருடாக்கும் ஒளியைப் பாய்ச்சித் திரை முழுவதையும் வெள்ளையாக்கிவிடும் ஆற்றலும் உண்டு. திறந்தவெளியில் எதிரெதிரே நின்று அதோடு மோதாதீர்கள். நீங்கள் தாக்கும் வரை பிக் டாடிகள் உங்களைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை என்பது உங்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. அது சிறுமியோடு நடந்து செல்லும் பாதையைச் சிறிது நேரம் பின்தொடர்ந்து பாருங்கள். அந்தப் பாதையில் தூண்கள் உள்ள இடமாகத் தேர்ந்தெடுத்து, கண்ணிகளைப் பதித்து, அருகில் உள்ள தானியங்கித் துப்பாக்கிகளை வசப்படுத்தி, மருந்தையும் தோட்டாக்களையும் நிரப்பி, ஆட்டத்தைச் சேமித்துவிட்டு, அதன் பிறகே முதல் அடியை அடியுங்கள். ஒளி பாய்ந்து கண் தெரியாமல் போகும்போது குருட்டாம்போக்கில் சுடாமல், முன்பே பார்த்து வைத்த தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்; பார்வை தெளியச் சில நொடிகள் போதும். ஆளைப் பார்த்ததும் சுடும் அவசரத்தை அடக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு லான்சர் ஒரு தடையாகவே இராது.

ஒலிப்பதிவுகளும் மூலைமுடுக்குகளும்

ஒலிப்பதிவைக் கையில் எடுத்தவுடன் ஓடாமல் நின்று கேளுங்கள். ஓடிக்கொண்டே கேட்டால் அடுத்த எதிரியின் கூச்சலோ போர்ட்டரின் வானொலி அழைப்போ அதை விழுங்கிவிடும். அப்படித் தவறவிட்டதை இடைநிறுத்தப் பட்டியலில் மறுபடி கேட்கலாம். போர்ட்டர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆலன் டூரிங்கோடு வேலை செய்தவர் என்பதும், இலண்டன் மீது நடந்த விமானத் தாக்குதலில் தம் மனைவி பெர்லை இழந்தவர் என்பதும், அந்த இழப்பை அவர் திங்கரிடம் எப்படிக் கொண்டுபோனார் என்பதும் இப்பதிவுகளில்தான் துண்டு துண்டாக வருகின்றன. டூரிங் உண்மையிலேயே பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியக் குறியாக்கங்களை உடைக்கும் பணியில் இருந்தவர். எந்திரம் சிந்திக்குமா என்னும் கேள்வியை முன்வைத்த அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1950-இல் வெளியானது. அந்த உண்மை வரலாற்றோடு கற்பனையை இவ்வளவு மரியாதையாகக் கோத்திருப்பது, துப்பாக்கி விளையாட்டுகளில் அரிதாகக் காணக்கூடிய ஒன்று. இதை உருவாக்கிய 2கே மரீன் குழுவுக்குத் தலைமை வடிவமைப்பாளராக இருந்த ஸ்டீவ் கேனர், பின்னர் நண்பர்களோடு புல்பிரைட் நிறுவனத்தைத் தொடங்கி, துப்பாக்கியே இல்லாமல் ஒரு வீட்டைத் தேடிப் பார்ப்பது மட்டுமே ஆட்டமாக உள்ள கான் ஹோம் விளையாட்டை 2013-இல் வெளியிட்டார். அறையில் கிடக்கும் பொருள்களைக் கொண்டே ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லும் அந்த முறையின் விதையை, இங்குள்ள அறைகளை மெதுவாகப் பார்க்கும் எவரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

மூலைகளில் ஊர்ந்து திரியும் சிறிய துப்புரவு இயந்திரங்கள் மொத்தம் பத்து உண்டு. அத்தனையையும் உடைப்பவருக்கு ஒரு சாதனைப் பட்டயம் கிடைக்கும். ஸ்பிட்ஃபயர் என்னும் பழைய பாணி ஆட்டப்பெட்டியில் ஒரே ஆட்டத்தில் 9999 புள்ளிகள் எடுப்பதற்கும் ஒரு பட்டயம் உண்டு. பட்டயங்களில் நாட்டம் இல்லாதவர்கள் இவை இரண்டையும் விட்டுவிடலாம். கதைக்கு எந்தக் குறையும் வராது.

இறுதிப் பகுதிக்கு முன்

ஒவ்வொரு பகுதியையும் விட்டு நகரும் முன், அங்குள்ள எல்லா லிட்டில் சிஸ்டர்களையும் கண்டுவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிறுமிகள் அனைவரின் கணக்கும் தீர்ந்ததும் பிக் சிஸ்டர் என்னும் வலிமைமிக்க எதிரியின் கிறீச்சொலி எழும். அவள் வந்து சேர்வதற்குள் சிறிது அவகாசம் கிடைக்கும். கண்ணிகள் பதிக்கவும், மருந்து நிரப்பவும் அதைப் பயன்படுத்துங்கள். லான்சருக்குச் சொன்ன ஏற்பாடுகள் அவளுக்கும் பொருந்தும். ஆனால் அவள் மிக வேகமாகத் தாவுபவள் என்பதால் லேசரை விட ஷாட்கன்னே உதவும்.

திங்கர் இருக்கும் மையப் பகுதிக்குள் நுழையும் முன் தனியாக ஒரு சேமிப்பைச் செய்துவையுங்கள். மிச்சமிருக்கும் ஆடம், பணம் எல்லாவற்றையும் அதற்கு முன்பே தீர்த்துவிட்டு, ஒதுக்கி வைத்த பர்ஸ்ட் கலங்களையும் இனித் தயங்காமல் எடுத்துப் பயன்படுத்துங்கள். அங்கே ரீட் வால் தம்மிடம் உள்ள எல்லாவற்றையும் ஏவுவார். கிராவிட்டி வெல்லும் வசப்படுத்திய இயந்திரங்களும் சேர்ந்தால் அதைத் தாங்கிவிடலாம். சண்டை ஓய்ந்த பிறகு விளையாட்டு உங்கள் கையிலிருந்து ஆயுதத்தை இறக்கி, சில அறைகள் வழியாக நடக்க மட்டும் விடும். அந்த இடத்தில் எந்தப் பொத்தானையும் அழுத்தித் தாவிச் செல்ல முயலாமல், ஒவ்வொரு அறையிலும் உள்ளதைப் பார்த்து, ஒவ்வொரு குரலையும் முழுமையாகக் கேட்டு நடந்துபோங்கள். இரண்டாம் முறை ஆடுபவர்கள், மிகக் கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்து வீட்டா சேம்பர்களை அணைத்துவிட்டுத் தொடங்கலாம். முடிவு தெரிந்த பிறகு, போர்ட்டர் வானொலியில் பேசும் முதல் வரிகளே வேறு பொருள் தருவதை அப்போது கவனிப்பீர்கள்.